மீனில்லாத் தொட்டிக்கு ஒரு வக்காலத்து

தொட்டியில் விட்ட மீன் செத்து மிதந்தால், வீட்டாருக்கு வரவிருந்த கண்டத்தை அது தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அரவானாவுக்கும் ஃபிளவர்ஹார்னுக்கும் 'வாஸ்து மீன்' என்று பெயர் சூட்டி விற்கும் வணிகம் பெரிதும் இந்த ஆறுதலின்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. இதைவிடச் சாமர்த்தியமான தற்காப்பு வாதத்தை எந்த வழக்கறிஞராலும் புனைய இயலாது. சாவுக்குக் காரணம் தேடவேண்டிய இடத்தில் சாவுக்குப் பயன் கற்பித்தாயிற்று. கொன்றவர், பிழைத்தவராகவும் நன்றிக்கடன் பட்டவராகவும் மாறிவிடுகிறார். மறுநாள் காலை அடுத்த மீனை வாங்கக் கடைக்குப் போகிறார்.

புதிதாக அமைத்த நன்னீர்த் தொட்டியில் முதல் மூன்று நான்கு வாரங்களில் சாகும் மீன்கள் பெரும்பாலும் கண்ணேறு பட்டுச் சாவதில்லை. தம் உடலிலிருந்து வெளியேறிய கழிவில் தாமே வெந்து சாகின்றன. அந்தக் கழிவின் பெயர் அம்மோனியா. அதை முறிக்கும் நுண்ணுயிர்கள் புதுத்தொட்டியில் போதிய அளவில் இல்லை. அவை பெருகுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம், சில வேளை ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டி மீனில்லாமல் ஓடவேண்டும். சொல்லவந்தது இவ்வளவே. இவ்வளவு எளிய செய்தி நம் வீடுகளில் பலவற்றை ஏன் இன்னும் எட்டவில்லை, எட்டவிடாமல் தடுப்பவர் யார் யார் என்பதைத்தான் இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் இருப்பர். அவர்களுக்கும் இந்த வழக்கில் பங்கிருக்கிறது என்பதே நம் துணிபு. கல்லூரி ஆண்டுமலருக்கு வந்து குவியும் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் பணி பல்லாண்டுகளாக நம் தலையில் விழுந்துவருகிறது. கண்ணாடித் தொட்டி மீனைப் பாடாத மலர் ஒன்றையும் நாம் கண்டதில்லை. மீன் எப்போதும் கைதி. கண்ணாடி எப்போதும் சிறைச்சுவர். கவிஞர் எப்போதும் அதன் விடுதலைக்கு ஏங்குபவர். போகட்டும். ஆனால் அந்த மீன் எப்போதும் கடலை நினைத்தே ஏங்குகிறதே, அதுதான் நமக்குத் தாளவில்லை. தங்கமீன் நன்னீர் மீன். கவிஞரின் வரத்தின்படி அதைக் கடலில் விடுதலை செய்தால் உப்பில் உடல்நீர் வற்றி மாண்டுபோகும். மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தேர்ந்த பேனாக்களும் இதே சிறையைத்தான் கட்டியிருக்கின்றன. சுவரைப் பார்த்துப் பார்த்தே நீரைப் பார்க்கத் தவறிவிட்டோம். மீனுக்குக் கண்ணாடி பொருட்டன்று, நீரே பொருட்டு. அது நீரைக் குடியிருப்பாகக் கொள்வதோடு நில்லாமல் செவுள் வழியே அதை ஒவ்வொரு நொடியும் தன் குருதிக்கு அருகில் கொண்டுவருகிறது. நீர் நஞ்சானால் ஓடி ஒளிய அதற்கு இடமில்லை.

கண்ணாடியையே பார்க்கும் இந்தப் பிழை நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் மொன்சா நகராட்சி 2004இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்தபோது, வளைந்த கண்ணாடி மீனுக்கு உலகைத் திரித்துக் காட்டுகிறது என்பதைக் காரணமாக எடுத்துரைத்தது. 2005இல் ரோம் நகரமும் உருண்டைக் கிண்ணத்துக்குத் தடை விதித்தது. தடைகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கிண்ணத்தில் சாகும் மீனைக் கொல்வது காட்சித் திரிபன்று. இரண்டு லிட்டர் நீரில் கழிவு அடர்வதே.

இனி நீருக்கு வருவோம். மீன் உண்ட புரதத்தின் நைட்ரசன் கழிவு பெரும்பகுதியும் அம்மோனியாவாகச் செவுள் வழியே நேரே நீரில் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகுவதும் அம்மோனியாவைத்தான் தருகிறது. ஆற்றிலும் குளத்திலும் பரந்த நீரும் மண்ணும் செடியும் அதை வாங்கிக்கொள்கின்றன. ஐம்பது லிட்டர் தொட்டியில் வாங்கிக்கொள்ள யாருமில்லை. அங்கே அதை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர் ஒன்று அதை நைட்ரைட்டாக மாற்றவேண்டும். இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றவேண்டும். முதலிரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது ஓரளவு சாது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். பள்ளிப் பாடநூலில் நைட்ரசன் சுழற்சி என்று அம்புக்குறிகளோடு வட்டம் போட்டுப் படித்தோமே, அதேதான். அந்த வட்டத்தை ஐந்து மதிப்பெண்ணுக்கு வரைந்த பிள்ளைகள்தான் வளர்ந்து, தொட்டி வாங்கிய அன்று மாலையே அதில் பத்து மீனை விடுகிறார்கள்.

இந்த நஞ்சின் இயல்பில் ஒரு வஞ்சகம் உண்டு. நீரில் கரைந்த அம்மோனியா இரு வடிவில் உலவுகிறது. ஒன்று அதிகம் தீங்கற்ற அம்மோனியம் அயனி, மற்றது செவுளைத் துளைக்கும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதை நீரின் காரத்தன்மை முடிவுசெய்கிறது. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பி.எச். 8க்கு ஏறினால் அது நூற்றில் ஐந்தைத் தாண்டிவிடும். ஒரே அளவு கழிவு, ஒரே அளவு மீன். நஞ்சு மட்டும் ஏறத்தாழ பத்து மடங்கு. வெப்பம் கூடினால் இன்னும் கூடும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமும் காரமும் மிக்கது என்பதை ஒவ்வோர் இல்லத்தரசியும் துணி துவைக்கையில் அறிவார். அண்டை வீட்டில் பிழைத்த மீன் நம் வீட்டில் சாவதற்கு வாசல் பார்த்த திசையைச் சோதிடரிடம் கேட்பதைவிட நீரைச் சோதிப்பது நன்று.

அம்மோனியாவைத் தாண்டிய மீனை நைட்ரைட் பிடிக்கும். அது குருதியின் ஈமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க இயலாத வடிவுக்குத் திருப்பிவிடுகிறது, செவுள் பழுப்பேறுகிறது, மீன் மேற்பரப்பில் வாய்பிளந்து தவிக்கிறது. 'காற்று பத்தலை' என்று கடைக்காரர் இன்னொரு காற்றுக்குழாயை விற்பார். நீரில் காற்று போதிய அளவு இருக்கிறது. மூச்சை எடுத்துச்செல்லும் குருதிதான் கெட்டிருக்கிறது.

இத்தனையும் நேற்றுக் கண்ட புதுமையா? லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலர் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் தொட்டியிலிட்டு, செடியின் அழுகிய இலைகளால் நீர் கெடுவதைக் கண்டு நத்தைகளைச் சேர்த்து, உயிர்களிடையே ஒரு சமநிலை வேண்டும் என்று எழுதியது 1850இல். நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890ஐ ஒட்டி. அதன்பின் பெயர்கள் திருத்தப்பட்டுவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை உண்பது நெடுங்காலம் நம்பப்பட்ட நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என 1998இல் ஹொவானெக் குழுவினர் காட்டினர். இரு படியையும் தனியொருவராகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை உண்டு என்பது 2015இல் தெரியவந்தது. அதைக் கண்ட இரு குழுக்களுள் ஒன்றுக்கு அது கிடைத்த இடம் மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் நீர்வடிப்பான். பெயர்கள் மாறலாம், காத்திருக்கவேண்டும் என்பது மாறவில்லை. உண்மையில் இந்த நுண்ணுயிர்கள் மந்தகதியானவை. குடலில் வாழும் பாக்டீரியா சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளுக்கு மேலோ ஆகும். கடிந்துகொண்டால் விரையும் பணியாளர்கள் அல்லர் இவர்கள்.

ஆங்கிலத்தில் இந்தக் காத்திருப்புக்கு இட்ட பெயரையே எடுத்து நம் இளைஞர்களும் 'சைக்கிளிங்' என்கிறார்கள். மிதிவண்டியோ என்று மயங்கவைக்கும் இச்சொல்லைவிடத் தெளிவான சொல் நம் அடுக்களையிலேயே கிடக்கிறது. புதுத் தோசைக்கல்லை வாங்கிவந்த அன்றே அதில் தோசை வார்க்கும் பெண்மணி உண்டா? எண்ணெய் தடவி, காய்ச்சி, வெங்காயம் தேய்த்து, நாலைந்து நாள் 'பழக்கி'ய பின்னரே மாவு ஊற்றுவார். மண்சட்டிக்கும் அப்படியே, கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்காமல் குழம்பு வைப்பதில்லை. ஆகவே தொட்டியைப் பழக்குதல் என்போம். பழகிய தொட்டி ஒன்றின் வடிப்பானிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துப் புதுத்தொட்டியில் இட்டால் காத்திருப்பு மிகவும் குறையும். இதற்கும் சொல் இருக்கிறது: உறை ஊற்றுதல். உறைமோரின்றிப் பால் தயிராகாது என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வீட்டில் வைத்து வளர்த்து, மாவையும் பாலையும் அவற்றின் பொறுப்பில் விட்டு இரவில் உறங்கப்போன மரபு இது. அந்த மரபில் வந்தவர்கள் மீன்தொட்டி விஷயத்தில் மட்டும் நுண்ணுயிர் என்றாலே டெட்டாலைத் தேடுவது ஏன்?

விடை எளிது. தொட்டியை நாம் பாத்திரமாகப் பார்க்கிறோம். பாத்திரம் என்றால் துலக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீனைப் பிளாஸ்டிக் வாளியில் மாற்றி, நீர் முழுவதையும் கொட்டி, கற்களை நார் கொண்டு தேய்த்து, வடிப்பானின் பஞ்சைக் குழாய்நீரில் வெளுக்கப் பிழிந்து, எல்லாம் பளபளக்கத் திரும்ப அடுக்கும் குடும்பங்கள் எத்தனை! அந்த வழுவழுப்பைத்தானே தேய்த்துக் களைந்தீர்கள்? அதுதான் ஐயா குடித்தனம். கல்லிலும் பஞ்சிலும் ஒட்டிப் படர்ந்திருக்கும் அந்த மெல்லிய படலத்தில்தான் இவ்வளவு பேசிய உயிர்கள் குடியிருக்கின்றன. குழாய்நீரின் குளோரின் எஞ்சியவற்றையும் முடித்துவிடும். ஞாயிறு மாலை அந்த மீன் மறுபடியும் புதுத்தொட்டிக்குத் திரும்புகிறது. வாரந்தோறும் அதற்கு முதல் வாரம்.

தெளிந்த நீரே தூயநீர் என்ற அழகுணர்ச்சி இங்கே நம்மை ஏமாற்றுகிறது. மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா கலந்த நீர் பளிங்குபோலவே நிற்கும். மாறாக, தொட்டி அமைத்த முதல் சில நாள்களில் நீர் பால்போல வெளிறிக் கலங்குவதுண்டு. வேறு வகைப் பாக்டீரியாக்கள் திடுமெனப் பெருகுவதன் விளைவு அது, தானே அடங்கிவிடும். அடங்க விடாமல் நீரைக் கொட்டுகிறோம்.

இப்போது கடைக்காரரிடம் வருவோம். சென்னையின் வடபகுதியிலுள்ள கொளத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும் வண்ணமீன் உற்பத்தியிலும் விற்பனையிலும் நாடறிந்தவை. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. அதை அணைக்கச் சொல்பவர்கள் அல்லர் நாம். அங்கே மீன் குஞ்சு பொரிக்கவைக்கும் பண்ணைக்காரர் புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் அன்றே மீனை விடுவதில்லை. நீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைத்து, இறைத்து, மறுபடி நிரப்பி, சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் இறங்கும்வரை நாள்கணக்கில் காத்திருந்து, நீர் பச்சைகட்டிய பின்னரே மீனை இறக்குகிறார். அவர் நுண்ணுயிரியல் படித்தவரல்லர். மீன் செத்தால் நட்டம் தமக்கு என்பதைப் படித்தவர். அதே மீன் நகரத்துக் கடையின் கண்ணாடிக்குள் வந்ததும் காத்திருப்பு என்ற சொல்லே மறைந்துவிடுகிறது. ஏனெனில் இங்கே மீன் செத்தால் நட்டம் வாங்குபவருக்கு. விற்பவருக்கு அது அடுத்த வியாபாரம். தொட்டி, கல், பிளாஸ்டிக் செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே ரசீதில் எழுதிக்கொடுக்கும் வழக்கம் அறியாமையால் நடப்பதாக நம்ப நமக்கு மனம் வரவில்லை.

வாங்குபவர் மட்டும் சளைத்தவரா? நாம் அறிந்த கல்லூரி ஒன்றில் ஆய்வுக்குழு வருகைக்கு மூன்று நாள் முன்பு வரவேற்பறையில் பெரிய தொட்டி ஒன்று முளைத்தது. குழு வரும் நாளில் மீன்கள் துள்ளவேண்டும் என்பது மேலிடத்து ஆணை. ஒரு மாதம் மீனில்லாமல் ஓடவிடுங்கள், செடிகளை மட்டும் நட்டு வையுங்கள், அதுவே அழகுதான் என்று சொல்லிப்பார்த்தோம். பொறுப்பாளர் சிரித்தார். "மீனே இல்லாத மீன்தொட்டியக் காட்டினா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க சார்?" என்றார். நியாயமான கேள்விதான், மாணவர் இல்லாத வகுப்பறையைக் காட்ட இயலுமா! இருபது தங்கமீன்கள் வந்தன. குழு வந்து வியந்து, தேநீர் அருந்தி, போயிற்று. அந்த வாரக் கடைசியில் காவலாளி ஐயா விடியற்காலையில் வலையும் வாளியுமாக நிற்பதைக் கண்டோம். "பிள்ளைங்க வர்றதுக்குள்ள எடுத்துடச் சொல்லியிருக்காங்க சார்" என்றார். ஒன்பது கிடந்தன வாளியில். தங்கமீன் மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிக்கும் இனம்; புதுத்தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமற்ற குடியை எண்ணுவது அரிது.

மறுப்புரைகள் சில உண்டு. 'எங்கள் தாத்தா கிணற்றில் மீன் விட்டார், மாதக்கணக்கிலா காத்திருந்தார்?' என்பது நாம் அடிக்கடி கேட்பது. விட்டார், மீன் பிழைத்தது, உண்மை. மூன்று மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 21,000 லிட்டர். உறைகளிலும் சேற்றிலும் பல்லாண்டுகளாகப் படிந்த உயிர்ப்படலம் வேறு. அதில் தாத்தா விட்டது நாலைந்து கெண்டை. பேரர் ஐம்பது லிட்டரில் பன்னிரண்டு விடுகிறார். தாத்தாவைச் சாட்சிக்கு அழைக்குமுன் பேரர் வகுத்தல் கணக்குப் போடட்டும்.

'முதலில் விலை மலிந்த, தாங்கும் மீனை விட்டுப் பார். அது பிழைத்தால் நல்ல மீனை விடு' என்பது இரண்டாவது. பழைய வளர்ப்பு நூல்களிலும் இந்த அறிவுரை உண்டு. முறை வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. கப்பியின் கழிவும் அம்மோனியாதானே. ஆனால் எரியும் செவுளோடு ஒரு மாதம் ஓர் உயிரை நிறுத்திவைத்து, அது செத்ததா இல்லையா என்பதை அளவுகோலாக்குவதற்கு, மீன் தேவையே இல்லாத மாற்றுவழி இருக்கும்போது, என்ன பெயர்? இதில் 'தாங்கும்' என்ற சொல்லைத்தான் நாம் வெறுக்கிறோம். ஃபைட்டர் மீனைப் பாருங்கள். மேற்பரப்புக் காற்றை நேரே சுவாசிக்கும் தனியுறுப்பு அதற்கு உண்டு. அந்த ஒரு வரத்துக்குத் தண்டனையாகத்தான் அதைத் தேநீர்க்குவளையில் அடைத்துப் பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளிடம் பரிசாக நீட்டுகிறோம். காற்றை மேலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மோனியாவைக் கீழே விட்டுவிட முடியுமா?

குப்பியில் அடைத்த நுண்ணுயிர் விற்கிறதே, அதை ஊற்றினால் ஆகாதா என்பது மூன்றாவது. ஆகலாம். சில குப்பிகளில் உயிர் இருக்கிறது. வெயிலில் கிடந்த சிலவற்றில் உயிர் போய்விட்டிருக்கிறது. குப்பியை நம்புவதற்கு முன் நீரைச் சோதிக்கச் சொல்வோம். சோதிக்காமல் அன்றே மீனை விடலாம் என்று அச்சிட்ட அட்டையை நம்பவேண்டாம் என்போம்.

சரி, எப்படிப் பழக்குவது? வசைபாடி முடித்துவிட்டு வழி சொல்லாமல் போவது நம் வழக்கமன்று. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். நீரும் கல்லும் சேர்ந்து எழுபது கிலோவை நெருங்கும். ஆட்டம் காணாத மேசையும் அடியில் தெர்மகோல் தகடும் வேண்டும். சோப்பு படாமல் கழுவுங்கள். மணலை நீர் தெளியும்வரை அலசுங்கள். குழாய்நீராயின் குளோரினை நீக்கவேண்டும். காற்றோட்டத்தோடு ஒரு நாள் வைத்தால் குளோரின் போகும், ஆனால் குளோரமின் கலந்த நீரில் அது போதாது. சோடியம் தயோசல்பேட் கலந்த நீக்கி மலிவாகவே கிடைக்கிறது. கேனில் வரும் குடிநீரை ஊற்றுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அதில் தாது உப்புகள் மிகக் குறைவு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரசனை மாற்ற, ஏறத்தாழ ஏழு கிராம் சுண்ணக் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மையை நுண்ணுயிர்கள் செலவழிக்கின்றன. கையிருப்பு இல்லாத நீரில் பி.எச். சரிந்து வேலை நின்றுபோகும். விலை கொடுத்து வாங்கிய நீரே காலை வாரும்.

வடிப்பானை இரவும் பகலும் ஓடவிடுங்கள். மின்கட்டணம் மிச்சப்படுத்த இரவில் நிறுத்துவோர், பிராணவாயு இன்றி அந்த நுண்ணுயிர்களை மூச்சுமுட்டவைக்கிறார்கள். இனி, மீனுக்குப் பதிலாக அம்மோனியாவை நாமே கொடுக்கவேண்டும். ஒரு துண்டு இறாலைத் துணியில் முடிந்து போட்டு அழுகவிடலாம். வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொள்வர். நாம் பரிந்துரைப்பது அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுவோர் நவச்சாரம் என்பார்களே, அதேதான். ஆனால் நாட்டுமருந்துக் கடைச் சரக்கில் கலப்பு இருக்கும், வேதியியல் துறை நண்பரிடம் தூய உப்பைக் கேட்டுப் பெறுவது நலம். 3.2 கிராம் உப்பை 100 மில்லி நீரில் கரைத்து, அதில் 10 மில்லியை 50 லிட்டர் நீரில் ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா ஆகும். அதோடு நிறுத்துங்கள், மிகுதியாக ஊற்றினால் விரைந்து பழகும் என்பது மூடநம்பிக்கை.

பிறகு காத்திருப்பும் சோதனையும். சொட்டுமருந்துச் சோதனைப்பெட்டியில் அம்மோனியா மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். நைட்ரைட் நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஏறும். மீனின் விலையைவிடப் பெட்டியின் விலை அதிகம் என்று முணுமுணுப்பவர்களிடம் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் மீனின் விலையைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் வாரத்தையொட்டி அம்மோனியா குறையத் தொடங்கி நைட்ரைட் ஏறும். இந்தக் கட்டம்தான் பொறுமையைக் குலைக்கும். நாளாக ஆக ஊதா அடர்ந்துகொண்டே போகும். அம்மோனியா தீரும்போதெல்லாம் சிறிது உப்புக்கரைசல் ஊற்றி அவற்றுக்குத் தீனி கொடுங்கள். ஒருநாள் காலை நைட்ரைட்டும் வீழ்ந்திருக்கும். நம் ஊர் வெப்பம் இதற்கு உகந்ததே. குளிர்நாட்டார் தொட்டியைச் சூடேற்றிச் செய்வதை நமக்குப் பங்குனி இலவசமாகச் செய்துதருகிறது. 2 மில்லிகிராம் ஊற்றிய 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே இல்லையென்று சோதனை காட்டினால் தொட்டி பழகிவிட்டது. சேர்ந்த நைட்ரேட் போகப் பாதிக்குமேல் நீரை மாற்றி, மீனை நாலைந்தாக, வாரம் இடைவிட்டுச் சேருங்கள்.

அரசு சட்டம் போட்டால்தான் இதெல்லாம் நடக்கும் என்பார்கள். 2017 மே மாதத்தில் நடுவணரசு மீன்தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை வெளியிட்டது, வணிகர்கள் கொதித்தெழுந்தனர், பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. நாம் கேட்பது விதியன்று. கடைக்காரரின் வாயிலிருந்து ஒரே வாக்கியம்: 'தொட்டியை இன்னிக்கு எடுத்துட்டுப் போங்க அண்ணா, மீனுக்கு அடுத்த மாசம் வாங்க.' இதைச் சொல்லும் கடைக்காரர் எவரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணும் அளவில் நாமும் கண்டிருக்கிறோம். அவர்களிடம் மாதம் கழித்துத் திரும்பிவரும் வாடிக்கையாளர் பத்தாண்டுக்குப் பின்னும் தீனி வாங்க வருகிறார். மற்றவர்களின் வாடிக்கையாளர் மூன்றாம் மாதத்தில் தொட்டியைக் கவிழ்த்துப் பரணில் போட்டுவிட்டு, 'நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்ல' என்கிறார்.

இதைப் படிப்பவருள் சிலர் வீட்டில் நேற்றே மீன் வந்து இறங்கியிருக்கக்கூடும். அவற்றைத் திருப்பிக் கொடுக்கவோ பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் விடவோ இயலுமானால் நன்று. இயலாதெனில், தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். நாள்தோறும் சோதித்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்படும் ஒவ்வொரு நாளும் குளோரின் நீக்கிய நீரால் கால்பங்கு முதல் பாதிவரை மாற்றுங்கள். தங்கமீனும் கப்பியுமாயின் நைட்ரைட் ஏறும் வாரத்தில் சிறிது கல்லுப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுக்கும். நண்பரிடமிருந்து வடிப்பான் பஞ்சில் ஒரு துண்டு உறைக்குக் கேளுங்கள். வரும் வழியில் காய்ந்துவிடாமல் அவர் தொட்டி நீரிலேயே நனைத்து எடுத்துவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கற்களை எடுத்துத் தேய்க்காதீர்கள்.